கோபுரத் திரையா, தரையில் சிவப்பு விளக்கா?

ஓடுபாதையில் விமானங்கள் மோதாமல் தடுக்க, தரை ரேடார் காண்பதை யாரிடம் சொல்வது? கோபுரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டாளரின் திரையில் காட்டுவது ஒரு வழி. ஓடுபாதை வாசலில் தரையில் பதித்த சிவப்பு விளக்குகளைத் தானாக எரியவிட்டு, நேரே விமானிக்குக் காட்டுவது இன்னொன்று.

முதல் வழியின் பலவீனத்தை 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் பார்த்தோம். கடலோரக் காவல்படை விமானம், அனுமதி கிடைத்ததாகத் தவறாக நினைத்து ஓடுபாதைக்குள் நுழைந்து சுமார் 40 விநாடி நின்றது. திரையில் நிறம் மாறியது. ஆனால் ஒலி எழவில்லை, கட்டுப்பாட்டாளரும் கவனிக்கவில்லை. அதே ஓடுபாதையில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன்மேல் மோதியது. தரையிறங்கிய விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். அந்த நுழைவின் நிறுத்தக்கோட்டு விளக்குகள் (விமானம் நிற்க வேண்டிய கோட்டில் இருப்பவை, கோபுரம் இயக்குபவை) பராமரிப்புக்காக அணைக்கப்பட்டிருந்தன. இதை நினைத்தாலே மனசு கனக்கிறது.

திரையில் எச்சரிக்கை வந்தாலும், ஒருவர் பார்த்து, புரிந்து, ரேடியோவில் சொல்லி, விமானி கேட்க வேண்டும். விளக்குக்கு அந்தச் சுற்று இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன், டல்லாஸ் விமான நிலையங்களில் இந்தத் தானாக எரியும் விளக்கு இருக்கிறது.

சரி, திரை வேண்டாமா? வேண்டும். விளக்கு பதித்த இடத்தில்தான் எரியும். திரை நிலையம் முழுவதையும் காட்டும். ஆனால் கூடுதலாக ஒன்றுக்குப் பணம் ஒதுக்கலாம் என்றால், நான் விளக்கைத்தான் கேட்பேன். அது அணைந்திருப்பது மட்டும் அனுமதி ஆகாது. கோபுரத்தின் சொல் வந்த பிறகுதான் விமானி நகர வேண்டும்.