ஷெர்டு, ஷார்டு, ஆஸ்ட்ரகான்: உடைந்த பானைக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

உடைந்த மட்கலத்தின் துண்டை அகழாய்வு அறிக்கைகள் பெரும்பாலும் ‘ஷெர்டு’ என்று எழுதுகின்றன. கண்ணாடித் துண்டானால் அது ‘ஷார்டு’. பானைக்கு ‘ஷார்டு’ என்று எழுதுவதைப் பிழையென்று திருத்துவோரும் உண்டு. ஆனால் பிறப்பைப் பார்த்தால் இவை இரு சொற்களே அல்ல. வெட்டு, பிளவு, இடைவெளி என்று பொருள்பட்ட ஒரே பழைய ஆங்கிலச் சொல்லின் இரு வடிவங்கள்தாம். 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், யோபு தன் பருக்களைச் சுரண்ட எடுப்பது ‘பாட்ஷெர்டு’ (தமிழ் விவிலியம் சுருக்கமாக ‘ஓடு’ என்கிறது). 1623-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்திலோ, இறந்த ஒஃபீலியாவின் உடல்மீது எறியத் தகுந்தவை என்று பாதிரியார் சொல்வனவற்றுள் முதலாவது ‘ஷார்டு’. ஆகவே பழமையைக் காட்டி ஒன்றை விலக்க இயலாது.

இவ்விரண்டின் வேர் வெட்டுதலைக் குறிப்பது. கத்தரித்தலைச் சுட்டும் ‘ஷியர்’ என்பதும் அதே குடும்பம். ஜெர்மன் மொழியிலுள்ள உறவுச்சொல், கத்தியின் வாய் உடைந்து விழும் பள்ளத்தை இன்றும் குறிக்கிறது. அதாவது, ஆங்கிலம் பெயரிட்டது பொருளுக்கு அன்று, அதன் உடைவுக்கு.

கிரேக்கத்திலிருந்து வந்த ‘ஆஸ்ட்ரகான்’ வேறு வழியில் நடந்தது. சிப்பியின் ஓடும் பானை ஓடும் அம்மொழியில் ஒரே சொல். எலும்பைக் குறிக்கும் சொல்லும் அதற்கு உறவு. ஆமை ஓடு, மண்டை ஓடு, பானை ஓடு என்று பேசிப் பழகிய நமக்கு இந்த வழி அந்நியமாகத் தோன்றாது. பானையையும் ஓட்டையும் குறித்த இலத்தீன் ‘டெஸ்டா’, பிரெஞ்சில் தலையைக் குறிக்கும் ‘தேத்’ ஆனதும் இப்படித்தான். ஏதென்ஸ் மக்கள் நாடுகடத்த வேண்டியவரின் பெயரை ஓட்டில் கீறி வாக்களித்ததால் ‘ஆஸ்ட்ரசைஸ்’ (ஒதுக்கிவைத்தல்) என்ற வினையும் பிறந்தது. அந்நகரின் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றிலிருந்து, அரசியல் தலைவர் தெமிஸ்தொக்ளிஸின் பெயர் கீறிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. அவற்றை எழுதிய கைகளோ 14 பேருடையவை மட்டுமே. யாரோ முன்கூட்டியே எழுதி விநியோகிக்க வைத்திருந்தவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எனினும் ஆங்கிலத்தில் ‘ஆஸ்ட்ரகான்’ எழுத்துள்ள ஓட்டுக்கே உரியதாகிவிட்டது. எழுத்தற்ற சாதாரண ஓட்டுக்கு அதைப் பயன்படுத்தினால் வாசகர் எழுத்தைத் தேடுவார். மற்ற இரண்டில் என் தேர்வு ‘ஷெர்டு’தான். காரணம் இலக்கணம் அன்று, வசதி: ஒரே குழியில் கண்ணாடியும் பானையும் கலந்து கிடைக்கும்போது, பையின்மேல் எழுதும் சொல்லே உள்ளிருப்பது எதுவென்று சொல்லிவிடும்.