இலவசப் பயிற்சி என்று சேர்த்து, அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்: பெற்றோர் கவனத்துக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீட்டார் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

என் அக்கா மகனுக்கு அப்பா இல்லை. நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போய்த்தான் அக்கா அவனைப் படிக்க வைத்தாள். தேர்வு முடிவு வந்த கையோடு ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் துண்டுப் பிரசுரத்துடன் ஊருக்கு வந்தார்கள். பெரிய கம்பெனி ஒன்று சமூகப் பொறுப்பு நிதியில் பணம் தருகிறது, ஓசூரில் மூன்று மாதப் பயிற்சி, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், முடித்ததும் வேலை என்றார்கள். கம்பெனி நிஜம், அது பணம் கொடுத்ததும் நிஜம். அதனால்தான் ஊரே நம்பியது.

சேரும் அன்று, திருப்பித் தருவதாகச் சொல்லி 5,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். கொடுத்த ரசீதில் ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தார்கள். அசல் மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

வகுப்பு நடந்தது தொடக்கத்தில் சில நாட்கள்தான். பிறகு களப்பயிற்சி என்று ஒரு கிடங்குக்கு அனுப்பினார்கள். இரவு ஷிப்டில் அட்டைப்பெட்டி மடித்து ஒட்டும் வேலை. கூலி கேட்ட பையன்களிடம், ‘பயிற்சிக்கு ஏது கூலி?’ என்றார்கள். அவர்களுக்கான ஆள்கூலி தொண்டு நிறுவனத்துக்குப் போவதாகக் கிடங்கு மேற்பார்வையாளரே சொல்லியிருக்கிறார்.

கம்பெனி அதிகாரிகள் பார்வையிட வந்த நாளில் மட்டும் எல்லோருக்கும் புது டி-ஷர்ட், முதுகுப்பை, மேசைக்கு ஒரு மடிக்கணினி. பேனர் கட்டி, வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். கார்கள் கேட்டைத் தாண்டியதுமே பைகளையும் மடிக்கணினிகளையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். டி-ஷர்ட்டைத் துவைத்துத் தர வேண்டுமாம். தகப்பனில்லாத பிள்ளைகளைக் காட்டி வாங்கிய காசில் இப்படி ஒரு நாடகம். நினைக்கும்போதே வயிறு எரிகிறது.

கம்பெனிகள் இந்தப் பணத்தைத் தயவில் கொடுப்பதில்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழிற்பயிற்சியும் அதில் அடங்கும். கொடுத்த பணம் உரிய வேலைக்குத்தான் போனதா என்று பார்ப்பதும் அந்தக் கம்பெனியின் பொறுப்பே. அதைப் படம் பார்த்துத் திருப்திப்பட்டு முடித்துக்கொள்வதுதான் இவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

கூட்டு முயற்சி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலத்தின் கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி நிலையத்தைப் பார்த்துத்தான், இன்று மாவட்டந்தோறும் வங்கிகள் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை நடத்துகின்றன. அங்கே பயிற்சியும் சாப்பாடும் உண்மையிலேயே இலவசம்.

பையன் வெளியேறுகிறேன் என்றதும், பயிற்சிச் செலவைக் கட்டினால்தான் சான்றிதழ் என்று மிரட்டினார்கள். கெஞ்சியதில் பலனில்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். கூடவே, பணம் கொடுத்த கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பிரிவுக்கு ரசீதின் நகலையும் கிடங்கில் எடுத்த படங்களையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். அதுதான் வேலை செய்தது. அடுத்த வாரமே கூப்பிட்டுச் சான்றிதழைக் கொடுத்துவிட்டார்கள். முன்பணம் இன்னும் வரவில்லை, அதை விடப்போவதும் இல்லை.

எங்கேயாவது பிள்ளையைச் சேர்க்கும் முன், பிரசுரத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு நேரடியாகப் பேசி, பயிற்சி எங்கே, எத்தனை நாள், யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். நகல் கொடுங்கள், அசலைக் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். தொழில் பழகுநர் என்று வேலைக்கு அனுப்பினால், 1961-ஆம் ஆண்டு சட்டப்படி பதிவு செய்த ஒப்பந்தமும் மாத உதவித்தொகையும் இருந்தாக வேண்டும். ஒப்பந்த நகலைக் கையில் வாங்குங்கள். ஏற்கெனவே உள்ளே சிக்கியிருக்கும் பிள்ளைகளின் வீட்டார் பயிற்சி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மனுவையும் மின்னஞ்சலையும் எப்படி எழுதுவது என்று கேளுங்கள், நானே எழுதித் தருகிறேன்.