மெஷினா, அம்மாவா, முள்கரண்டியா: ‘தி பேர்’ ரசிகர்களின் மூன்று கட்சிகள்

‘தி பேர்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த எபிசோடில் பாதியில் எழுந்து போனீர்கள் என்பதுதான். ஒரே மூச்சில் பார்த்து முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த பெரும்பாலானோர் எங்கேயோ ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்கள். அந்த ‘எங்கேயோ’ ஆளுக்கு ஆள் மாறுகிறது. சண்டையெல்லாம் மூன்று எபிசோடுகளைச் சுற்றித்தான்: முதல் சீசனின் ஏழாவதான ‘ரிவ்யூ’, இரண்டாம் சீசனின் ஆறாவதான ‘ஃபிஷஸ்’, அதற்கு அடுத்து வரும் ‘ஃபோர்க்ஸ்’. எது உச்சம் என்று கேட்டால் அவரவர் கட்சிக்குக் கொடி பிடிக்கிறார்கள். நான் ‘ரிவ்யூ’ கட்சி. காரணத்தைச் சொல்கிறேன். கதை தெரிந்துவிடக்கூடாது என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பார்க்காதவர்களுக்கு நாலு வரி. நியூயார்க்கின் பெரிய ரெஸ்டாரன்ட்டில் பெயர் வாங்கிய இளம் ஷெஃப் கார்மி. அண்ணன் மைக்கி தற்கொலை செய்துகொண்டதும், அவன் விட்டுப்போன கடன்கார சாண்ட்விச் கடையை நடத்த சொந்த ஊரான சிகாகோவுக்குத் திரும்புகிறான். மாட்டிறைச்சியை மெல்லிசாகச் சீவி, ரொட்டிக்குள் திணித்து, வெந்த சாற்றில் முக்கி, ஊறவைத்த காரக் காய்கறியோடு தருகிற இத்தாலியன் பீஃப் அந்த ஊரின் அடையாளம். மிஸ்டர் பீஃப் என்ற நிஜக் கடைதான் தொடருக்கு முன்மாதிரி. கிறிஸ்டோபர் ஸ்டோரர் உருவாக்கிய இந்தத் தொடரின் முதல் சீசன் 2022 ஜூனில் வந்தது. இத்தனை அழுகையையும் அமெரிக்க டிவிக்கான எம்மி விருதுக்கு ‘காமெடி’ வரிசையில் அனுப்புவது தனி வேடிக்கை. 2024 செப்டம்பர் விழாவில் 11 விருதுகள். ஒரு காமெடித் தொடர் ஒரே வருடத்தில் அதுவரை அத்தனை வாங்கியதில்லை. சிறந்த காமெடித் தொடர் என்ற பட்டம் மட்டும் ‘ஹேக்ஸ்’ என்ற தொடரின் பக்கம் போய்விட்டது. விழாவைத் தொகுத்து வழங்கிய யூஜின் லெவியும் டான் லெவியும், ‘தி பேர்’ வழக்கப்படி இதைப் பற்றி ஜோக் எதுவும் சொல்லப்போவதில்லை என்று வாரிவிட்டார்கள்.

முதலில் என் கட்சி.

‘ரிவ்யூ’ இருபது நிமிடம்தான். சிகாகோவின் தெருக்கள், ரயில்கள் எல்லாம் பாட்டோடு ஓடி முடிகின்றன. பிறகு கேமரா கிச்சனுக்குள் நுழைகிறது. அதன்பின் கடைசிவரை வெட்டே இல்லை. ஆன்லைனில் ஆர்டர் வாங்குவதற்குப் புதிதாக ஓர் ஏற்பாடு செய்கிறார்கள். முன்கூட்டியே ஆர்டர் போடும் வசதியை, கார்மியின் துணை ஷெஃப் சிட்னி மூடாமல் விட்டுவிடுகிறாள். கடை திறக்கச் சில நிமிடமே இருக்கும்போது மெஷினை ஆன் செய்கிறார்கள். ஆர்டர் அச்சடித்த சீட்டு, அதாவது டிக்கெட், வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது. நூற்றுக்கணக்கில் சாண்ட்விச். அவ்வளவுதான் கதை. அடுத்த சில நிமிடங்களில் கார்மி வெடிக்கிறான், கடையின் பேக்கர் மார்கஸ் நாள் கணக்காக மெனக்கெட்டு உருவாக்கிய டோனட்டைத் தட்டிவிடுகிறான், சிட்னியின் கையில் இருந்த கத்தி மைக்கியின் நண்பனும் கடையின் பழைய ஆளுமான ரிச்சியின் பின்புறத்தில் ஏறுகிறது, மார்கஸும் சிட்னியும் வேலையை விட்டு வெளியேறுகிறார்கள்.

நான் கேட்டரிங் படித்துவிட்டு ஒரு ஸ்டார் ஹோட்டல் கிச்சனில் இரண்டு வருடம் காமியாக இருந்தவன். காமி என்றால் வெங்காயம் உரிப்பதிலிருந்து திட்டு வாங்குவது வரை எல்லாம் செய்கிற கடைசி ஆள். அந்த ஆர்டர் சீட்டுக்கு எங்கள் ஊர்க் கிச்சன்களில் பெயர் கே.ஓ.டி. ஒரு டிசம்பர் 31 ராத்திரி கே.ஓ.டி. மெஷின் நிற்கவே இல்லை. கிழித்துக் கம்பியில் குத்தவேண்டிய பையன் ஐஸ் எடுக்கப் போயிருந்தான். ரோல் நீண்டு, சுருண்டு, ஈரத்தரையைத் தொட்டு, கீழ்ப்பக்கம் இருந்த நாலைந்து ஆர்டர்களின் எழுத்து ஊறிப்போனது. எந்த டேபிளுக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. ஷெஃப் அன்றைக்கு யாரையும் அடிக்கவில்லை. ஒரு கரண்டியை எடுத்து மெதுவாக, மிக மெதுவாக, ஸ்டீல் மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தட்டல் இன்றைக்கும் எனக்குக் கேட்கும்.

அதனால் ‘ரிவ்யூ’வில் அந்தச் சத்தம் தொடங்கியதும் என் தோள் தானாக மேலே ஏறிக்கொண்டது. அந்த ஹோட்டலில் என்னோடு இருந்து, இப்போது தோஹாவில் ஒரு கிச்சனையே நடத்துகிற நண்பனுக்கு போன் போட்டேன். “மச்சான், சவுண்டை ஆஃப் பண்ணிட்டுத்தான்டா பார்த்தேன்” என்றான். சத்தமில்லாமல் பார்த்தால் என்ன இருக்கிறது என்று கேட்டேன். “மூஞ்சி இருக்குல்ல” என்றான்.

கிச்சன் பக்கமே போகாதவர்களுக்கு இது வேறு மாதிரி படுகிறது. “இத்தனை கத்தல் எதுக்கு?” என்பது பொதுவான புகார். என் மனைவி பாதியில் கேட்டது அதைவிடக் கூர்மை: “அந்த மெஷினை ஆஃப் பண்ணினா என்ன?” எனக்கு உடனே பதில் வரவில்லை. கடன், முதல் நாள், வாங்கிய காசைத் திருப்பவேண்டும் என்றெல்லாம் சமாளித்தேன். உண்மையில் நல்ல மேனேஜர் ஒருவர் இருந்தால் பத்து போன் காலில் முடிகிற விஷயம். ஒரே ஷாட் என்பது வித்தை காட்டும் வேலை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சர்வீஸ் நேரத்தில் கண்ணை மூட ஒரு நொடி கிடைக்காது. வெட்டு விழுந்திருந்தால் பார்க்கிறவனுக்கு அந்த நொடி கிடைத்திருக்கும்.

எனக்கு இது மேலே நிற்கக் காரணம் வேறு. இதில் கெட்டவன் என்று யாரும் கிடையாது. மூட மறந்த ஒரு வசதி, அவ்வளவே. அவர்கள் இருவரும் போனபிறகு கார்மி தரையில் கிடக்கிற டோனட்டை எடுத்துக் கடித்துப் பார்க்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது என்பது அவன் முகத்தில் தெரிகிறது. எத்தனை ஷெஃப் திட்டிவிட்டு, நாங்கள் போனபின் நாங்கள் செய்ததை ருசி பார்த்திருப்பார்களோ.

எதிர்க்கட்சி பெரியது. ‘ஃபிஷஸ்’ கட்சி. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற எபிசோடு. கதை ஐந்து வருடம் பின்னால் போகிறது. இத்தாலிய அமெரிக்கர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஏழு வகை மீன் சமைக்கும் வழக்கம். அம்மா டானா ஒற்றை ஆளாக அடுப்படியில் நிற்கிறாள். சிகரெட், ஒயின், எங்கெங்கோ அலறும் டைமர்கள். யாரையும் கை வைக்க விடுவதில்லை. யாரும் கை கொடுப்பதில்லை என்று அழுகிறாள். சாப்பாட்டு மேஜையில் மைக்கி, லீ மாமா என்று எல்லோரும் அழைக்கிற ஆள்மீது முள்கரண்டிகளை எறிய ஆரம்பிக்கிறான். கடைசியில் டானா காரை எடுத்து வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வருகிறாள்.

ரெஸ்டாரன்ட் தொடரில் ரெஸ்டாரன்ட்டே இல்லாத எபிசோடு இது. ஆனாலும் அதிகம் பேர் நிறுத்தியது இங்கேதான். என் அக்கா நிறுத்தியது, கார் வருவதற்கு ரொம்ப முன்னால். மகள் நாட்டலி அம்மாவைப் பார்த்து, நீ நல்லாத்தானே இருக்கே என்று மறுபடி மறுபடி கேட்கிற இடம். “அந்தப் பொண்ணு ஏன்டா வாயைத் தொறக்குறா?” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்குப் புரிந்தது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி எங்கள் அம்மா எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்தால், அதிரசம் வேகும் வரை யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. போகாவிட்டால், “ஒருத்திக்காவது தோணுதா பாரு” என்று கேட்கும். உதவட்டுமா என்று எப்போது கேட்பது, எப்போது கேட்கக்கூடாது என்பதை அக்கா பத்து வயதிலேயே படித்தவள்.

இந்தக் கட்சியின் பலம் நடிப்பு. டானாவாக வந்த ஜேமி லீ கர்ட்டிஸுக்கும் மைக்கியாக வந்த ஜான் பெர்ன்தாலுக்கும் கௌரவ வேடத்துக்கான எம்மி கிடைத்தது. இயக்கத்துக்கான எம்மி ‘ரிவ்யூ’வுக்கு 2024 ஜனவரி விழாவிலும், ‘ஃபிஷஸ்’க்கு அதே ஆண்டு செப்டம்பரிலும் போனது, இரண்டுமே ஸ்டோரருக்கு. ஆக நடுவர்களிடம் கேட்டுப் பயனில்லை.

பலவீனமும் அதே நடிப்புதான். பாப் ஓடன்கிர்க், சாரா பால்சன், ஜான் முலேனி என்று கதவைத் திறக்கத் திறக்கத் தெரிந்த முகம். கல்யாண வீட்டில் சினிமாக்காரர் நுழைந்தால் மாப்பிள்ளையை யாரும் பார்ப்பதில்லையே, அந்தக் கதை. பிறகு அந்தக் கார். முள்கரண்டி பறக்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சுவர் இடிந்ததும் அப்பாடா என்று விட்டுவிட்டேன். அந்த வீட்டில் நடப்பது எல்லா வீட்டிலும் நடப்பது என்றிருந்தது, சட்டென்று அந்த வீட்டில் மட்டும் நடப்பதாகிவிட்டது. நடுவே, ஒரு சின்ன அறையில் கார்மி தான் வரைந்த ரெஸ்டாரன்ட் படத்தை அண்ணனிடம் கொடுக்கிற இடம் இருக்கிறது. கத்தலே கிடையாது. எனக்கு அதுதான் ‘ஃபிஷஸ்’.

மூன்றாவது கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவதில்லை, சிரித்துக்கொண்டே, “நீங்க ரெண்டாந்தடவை எதைப் பார்த்தீங்க?” என்று மட்டும் கேட்பார்கள். உண்மைதான், திரும்பப் பார்ப்பது எல்லோரும் ‘ஃபோர்க்ஸ்’தான். அதுவரை வாய்ச்சவடாலாகத் திரிந்த ரிச்சியை ஒரு வாரம் பெரிய ரெஸ்டாரன்ட்டில் வேலை பழக அனுப்புகிறான் கார்மி. சிகாகோவில் நிஜமாகவே இருக்கிற எவர் என்ற, ரெஸ்டாரன்ட்டுகளுக்கான பெரிய கௌரவமான மிஷலின் ஸ்டார் இரண்டு வாங்கிய இடத்தில் எடுத்தார்கள். அங்கே அவனுக்குத் தரப்படும் வேலை முள்கரண்டி துடைப்பது. முந்தின எபிசோடில் பறந்த அதே சாமான். வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், சிகாகோவின் டீப் டிஷ் பீட்சா சாப்பிடாமலே ஊர் திரும்புகிறோமே என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறது. ரிச்சி வெளியே ஓடி அதை வாங்கிவர, ஷெஃப் அதைச் சின்ன வட்டமாக வெட்டி, துளசி போன்ற இலை தூவி, அவர்கள் மேஜைக்கு அனுப்புகிறார். அன்று இரவு ரிச்சி காரில் டெய்லர் ஸ்விஃப்ட் பாட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு போகிறான்.

இரண்டாம் சீசனின் பத்து எபிசோடும் 2023 ஜூனில் ஒரே நாளில் வந்தன. எங்கள் வட்டத்தில் நான் கவனித்தது: ‘ஃபிஷஸ்’ முடிந்த கையோடு ‘ஃபோர்க்ஸ்’ போட்டவர்கள் கண் கலங்கி, இதைவிட ஒரு எபிசோடு உண்டா என்கிறார்கள். தாங்காமல் டிவியை அணைத்துவிட்டு மறுநாள் பார்த்தவர்கள், “நல்லாருக்கு, ஃபீல் குட்” என்று நகர்கிறார்கள். வெயிலில் நடந்து வந்தவனுக்கும் ஏசியில் இருந்து எழுந்தவனுக்கும் ஒரே மோர் கொடுத்தால் எப்படியோ, அப்படி. ‘ஃபோர்க்ஸ்’க்குக் கிடைக்கிற மார்க்கில் பாதி ‘ஃபிஷஸ்’ போட்ட மார்க்.

தோஹா நண்பனுக்கு இந்த எபிசோடே ஆகாது. “சம்பளம் இல்லாம ஒரு வாரம் கரண்டி துடைக்கச் சொன்னா அதுக்குப் பேர் ஞானோதயமாடா?” என்கிறான். வேலை பழகுகிறேன் என்ற பெயரில் பெரிய கிச்சன்களில் இலவசமாக உழைத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவனும் ஆறு மாதம் உழைத்தவன். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ரிச்சிக்குத் திரும்பிப்போக ஒரு கடையும் பங்காளியும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒலிவியா கோல்மன் ஷெஃப் டெர்ரியாக வந்து காளான் தோல் உரிக்கும் அந்தச் சில நிமிடம் என்னை வாயடைக்கவைத்தது. அந்தக் கிச்சனுக்கே முதலாளி, தனியாக நின்று ஒவ்வொரு காளானாக உரிக்கிறாள். சாப்பிடுகிறவருக்கு, இதில் யாரோ நேரம் செலவழித்திருக்கிறார்கள் என்று தெரியவேண்டுமாம். எங்கள் ஹோட்டலில் காளான் பிளாஸ்டிக் டப்பாவில் வரும். நாங்கள் கழுவினோமா என்பதே சந்தேகம்.

பிற்பாடு வந்த சீசன்களில் இப்படிக் கட்சி கட்டுகிற அளவுக்கு எதுவும் இல்லை. மூன்றாவது சீசன் நகரவில்லை என்று பலர் அலுத்துக்கொண்டார்கள், நானும்தான். அதிலும் கடையின் சமையல்காரி டீனாவின் பழைய கதையைச் சொல்லும் ‘நாப்கின்ஸ்’ மட்டும் தனியாக நிற்கிறது. சிட்னியாக நடிக்கும் அயோ எடெபிரி இயக்கியது அது. 2025இல் வந்த நான்காவது சீசனில் ஒரு கல்யாண எபிசோடு. ‘ஃபிஷஸ்’ குடும்பம் திரும்பக் கூடுகிறது, இந்த முறை உட்கார்ந்து பார்க்கமுடிகிறது.

புதிதாகப் பார்க்கப்போகிறவர் என்னிடம் கேட்டால், ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன். ஹோட்டல் வேலை பார்த்தவராக இருந்தால் ‘ரிவ்யூ’வை லீவு நாளில் பார்க்கட்டும், மறுநாள் ஷிஃப்ட் இருக்கக்கூடாது. பெரிய குடும்பத்தில் வளர்ந்தவர் ‘ஃபிஷஸ்’ஸைப் பண்டிகைக்கு முன்னால் தொடவேண்டாம். நாற்பதைத் தாண்டி, நாம் எதற்கும் உருப்படவில்லையோ என்று ராத்திரி தூக்கம் வராதவர் ‘ஃபோர்க்ஸ்’ வரைக்கும் எப்படியாவது தாக்குப்பிடித்து வந்துவிடவேண்டும்.

அக்கா விட்ட இடத்திலிருந்து ‘ஃபிஷஸ்’ஸைப் பார்த்து முடித்தது போன மாதம், எங்கள் வீட்டில். பக்கத்தில் நான் இருந்தேன், கையில் முறுக்கு டப்பா. முள்கரண்டி பறந்தபோது எதுவும் சொல்லவில்லை. அம்மா அழுதபோது டப்பாவை மூடிவைத்தாள். சுவரை இடித்துக்கொண்டு கார் வீட்டுக்குள் வந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கமுடியாமல், “கார் ஒண்ணுதான்டா நம்ம வீட்ல இல்ல” என்றாள்.