வீட்டிலிருந்தே கலை: எதற்கு உங்கள் மாலை நேரத்தைக் கொடுக்கலாம்?

வெளியே போக முடியாத காலம் 2020-இல் உலகத்துக்கே ஒன்றாக வந்தது. சிலருக்கு அது தனியாக வருகிறது: உடல்நலம், கிடைக்காத விசா, வீட்டில் ஒருவரை விட்டு நகர முடியாத நிலை. எனக்கு வந்தது இந்தக் கடைசி வகை. அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டிய இரண்டு வருடங்களில், வீட்டிலிருந்தபடியே கலையைப் பார்க்க என்னென்ன வழிகள் உண்டோ, பெரும்பாலானவற்றை முயன்று பார்த்துவிட்டேன். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். நேற்று இரவு பார்த்ததில் இன்று காலை எது நினைவில் நிற்கிறது?

முதலில் எல்லோரும் போவது மெய்நிகர் உலாவுக்கு. கூகுள் இந்த முயற்சியை 2011 பிப்ரவரியில் 17 அருங்காட்சியகங்களோடு தொடங்கியது. இன்று எந்தப் பெரிய அருங்காட்சியகத்தின் பெயரைத் தேடினாலும் ஏதோ ஒரு உலா கிடைக்கிறது. அம்புக்குறியைத் தட்டினால் கூடம் நகர்கிறது. ஆனால் படங்கள் சாய்வாகத் தெரிகின்றன, கண்ணாடியில் விளக்கொளி அடிக்கிறது, பக்கத்தில் இருக்கும் விளக்கப் பலகையைப் படிக்க முடிவதில்லை. நேரில் நடக்கும்போது கால் வலிக்கும், பெஞ்சில் உட்காருவோம், எதிர்பாராத ஒரு படம் பிடித்து நிறுத்தும். திரையில் அது எதுவும் நடப்பதில்லை. அரை மணி நேரம் சுற்றிவிட்டு மறுநாள் யோசித்தால் எனக்கு நினைவில் நின்றது தரை மட்டும்தான்.

கட்டடமே கலையாக இருக்கும் இடங்களை மட்டும் இதிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். வத்திக்கானிலுள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தின் ஓவியக் கூரை ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேரில் போனால் கூட்டத்துக்கு நடுவே கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்க்க வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகங்களின் தளத்திலுள்ள உலாவில் அந்தக் கூரையைப் பக்கத்தில் இழுத்து வைத்து நிதானமாகப் பார்க்கலாம். பிரான்சின் லாஸ்கோவில் அசல் குகைக்குள் போக வழியே இப்படியொரு உலாதான். 1940-இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் குகை ஓவியங்களைப் பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே கெடுக்க ஆரம்பித்ததால் 1963-இல் மூடிவிட்டார்கள். பயணத் தடை எதுவும் இல்லாதவர்கள்கூட அங்கே போய் நகல் குகையைத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு கட்டடமா, ஒரே ஒரு ஓவியமா?

உலாவுக்கு நேர் எதிரானது, ஒரே ஒரு ஓவியத்தை மிக நுணுக்கமாகப் படமெடுத்து வைத்திருப்பது. என் கணக்கில் வீட்டில் கிடைப்பதிலேயே பெரிய கொடை இதுதான்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகம், டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 8,439 படங்களாக எடுத்து ஒட்டி, 2022 ஜனவரியில் இணையத்தில் வைத்தது. மொத்தம் 71,700 கோடி பிக்சல். ஓவியத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்துக்கும் 200 பிக்சல் என்று வைத்துக்கொள்ளலாம். நேரில் போனால் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் நிற்க முடியும். திரையில் ஒரு கண்ணின் கருவிழி வரை போகலாம். அதில் ஒளிப்புள்ளிக்காக வைத்த ஒற்றைத் தூரிகைத் தொடலையும், வண்ணத்தில் காலத்தால் விழுந்த வெடிப்புகளையும் காணலாம். பின்வரிசையில் ஒரு தொப்பியும் ஒரு கண்ணும் மட்டும் எட்டிப் பார்க்கும். ரெம்பிராண்ட் தன்னையே அப்படி ஒளித்துவைத்தார் என்று பலர் கருதுகிறார்கள்.

நான் நான்கு இரவுகள் அந்த ஒரு ஓவியத்தில் இருந்தேன். மூன்றாவது இரவில்தான் ஓவியத்தின் நடுவில் நிற்கும் கறுப்பு உடைக் காவல்படைத் தலைவன் நீட்டிய கையின் நிழல், பக்கத்தில் நிற்பவனின் மஞ்சள் உடையில் விழுந்திருப்பதைக் கவனித்தேன். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் நிழல். அதைப் பார்த்த பிறகு அந்தக் கை ஓவியத்திலிருந்து வெளியே நீண்டு வந்துவிட்டதுபோல இருந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பார்வையாளர்கள் ஒரு படத்துக்குக் கொடுத்த சராசரி நேரம் 27.2 விநாடி. நேரில் போயிருந்தால் நானும் அந்த நிழலைத் தாண்டிப் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வழியில் இழப்பு இல்லாமல் இல்லை. முதலில் அளவு. ‘இரவுக் காவல்’ ஏறத்தாழ 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். மோனா லிசா 77 சென்டிமீட்டர் உயரம்தான். செல்போனில் இரண்டும் உள்ளங்கை அளவு. இதற்கு நான் கண்ட எளிய மருந்து, அளவு நாடாவை எடுத்து ஓவியத்தின் உயர அகலத்தைச் சுவரில் நூலால் குறித்துக்கொள்வது. பெரும்பாலும் சுவர் போதாது, அது போதாமல் போவதே ஓவியத்தின் பெருமையைச் சொல்லிவிடும். அடுத்தது வண்ணத்தின் தடிமன். நாம் நகரும்போது மேடான வண்ணத்தில் ஒளியும் நகரும், திரையில் அது வராது. அப்புறம், இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை மறக்காமல் அணைத்துவிடுங்கள். நான் ஒரு வாரம் எல்லா நீலத்தையும் தப்பாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிற்பங்களுக்கும் சிறு கைவினைப் பொருட்களுக்கும் முப்பரிமாணப் பதிவுகள் உண்டு. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் நிறைய வைத்திருக்கிறது. பொருளைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகம் வரை பார்க்கலாம், நல்ல வசதிதான். ஆனால் என் மனதில் ஓவியம் அளவுக்குத் தங்கவில்லை.

பதிவா, நேரலையா?

மேடைக் கலைகளில் இந்தக் கேள்வி கூர்மையாக வருகிறது. பதிவின் பலம் வசதி: எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், நிறுத்தலாம். அதன் பலவீனமும் அதுவேதான். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று நான் சேர்த்துவைத்த பட்டியல் நீண்டுகொண்டே போனது, பார்த்தது குறைந்துகொண்டே வந்தது.

2020 மார்ச்சில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா தினம் ஒரு பழைய பதிவை இலவசமாக வெளியிட ஆரம்பித்தது. ஒவ்வொன்றும் ஒரு முழு நாள்கூட இருக்காது. லண்டனின் நேஷனல் தியேட்டர் அதே ஆண்டு ஏப்ரலில் வாரம் ஒரு நாடகத்தை யூடியூபில் தந்தது, ஒரு வாரத்தில் எடுத்துவிடும். இரண்டுமே பதிவுகள்தான், ஆனாலும் கெடு இருந்ததால் மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். அதனால் நேரலை கிடைக்காவிட்டாலும் நீங்களே ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் இருக்கும் நண்பரிடம் “சனிக்கிழமை ஏழு மணிக்கு நானும் தொடங்குகிறேன், நீயும் தொடங்கு” என்று சொல்லிவிட்டால் போதும். பாதியில் எழுந்து போக மனம் வராது.

உண்மையான நேரலையில் கிடைப்பது வேறு. பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு 2020 மார்ச் 12 அன்று காலி அரங்கில் வாசித்து அதை நேரலையாக அனுப்பியது. சைமன் ராட்டில் நடத்திய நிகழ்ச்சி அது. இசையமைப்பாளர் பார்டோக்கின் படைப்பு முடிந்ததும் கைதட்ட அரங்கில் யாரும் இல்லை. உலகின் வெவ்வேறு வீடுகளில் அந்த நொடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அதே மௌனத்தைக் கேட்டார்கள். தப்பு நேரலாம், தந்தி அறுந்துபோகலாம் என்ற பதற்றத்தைக் கலைஞரோடு நாமும் பகிர்ந்துகொள்கிறோம். அதைப் பதிவால் தர முடியாது.

காட்சி எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அரங்கில் நம் கண் எங்கு வேண்டுமானாலும் போகும். இங்கே கேமரா நமக்காகத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. ஓபராவுக்கு அது லாபம்தான், கடைசி வரிசைக்கு எட்டாத முகபாவம் கிடைக்கும். நடனத்துக்குப் பெரும் நஷ்டம். முகத்தைக் காட்டும் நேரத்தில் கால் என்ன செய்தது என்றே தெரியாது. நடனம் என்றால் முழு மேடையும் ஒரே சட்டத்தில் நிற்கும் பதிவையே தேடுங்கள், தரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

இசைக்குப் படமே வேண்டாம் என்பது என் முடிவு. எந்த வாத்தியம் எப்போது பேசுகிறது என்று அறிய முதல் முறை காணொளி உதவும். இரண்டாம் முறை விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பணம் செலவழிக்க முடியுமென்றால் பெரிய திரைக்குப் பதிலாக நல்ல ஹெட்போனில் போடுங்கள். செல்போனின் சிறிய ஒலிபெருக்கியில் கீழ்ச்சுரங்கள் வராது, பாதி இசை அங்கேதான் இருக்கிறது. கேட்பது மட்டும் என்பது குறைப்பட்ட ரசனையும் அல்ல. 1881-இலேயே பாரிஸில் கிளெமென்ட் ஆடர் என்ற பொறியாளர், ஓபரா மேடையின் ஒலியைத் தொலைபேசிக் கம்பி வழியே இரண்டு காதுக்கும் தனித்தனியாக அனுப்பிக் காட்டினார். பிறகு சந்தா கட்டி வீட்டிலிருந்தே கேட்கும் சேவையாகவே அது வளர்ந்தது.

பார்ப்பதா, செய்வதா?

2020 மார்ச்சில் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம், வீட்டில் கிடக்கும் மூன்று பொருட்களை வைத்துப் பிடித்த ஓவியத்தை நடித்துப் படமெடுக்கச் சொன்னது. ஒரு டச்சு இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துப் பிறந்த யோசனை. போர்வையும் தலையணையும் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க மக்கள் ஓவியமானார்கள். விளையாட்டு என்று நினைத்துத்தான் நான் இதைக் கடைசிவரை தொடாமல் இருந்தேன். அந்தக் கையின் நிழல் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

ஒரு இரவு அம்மாவின் மஞ்சள் சால்வையைத் தங்கையின் தோளில் போட்டுவிட்டு, நான் பக்கத்தில் நின்று கையை நீட்டினேன். மேசை விளக்கை எங்கே வைத்தாலும் நிழல் சரியான இடத்தில் விழவில்லை. கீழே வைத்தால் விரல் நீண்டது, நேரே வைத்தால் நிழலே காணவில்லை. அம்மா கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். “விளக்கை இடது பக்கம் இன்னும் மேலே தூக்கு” என்றார். அலமாரியின் மேல் ஏற்றி வைத்தோம். ஐந்து விரலும் சால்வையில் வந்து நின்றன.