கெடு தாண்டிய பார்க்கிங் வழக்கு: பணமா, டிஃபென்ஸா, ரத்து மனுவா?

தங்கையின் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போய், ஒன்றரை மாதம் கழித்து லண்டன் திரும்பினோம். கதவைத் திறந்தால் நார்தாம்டன் கோர்ட் கடிதம். தனியார் பார்க்கிங் கம்பெனி போட்ட கிளெய்ம்: அபராதம் 100 பவுண்ட், வசூல் செலவு 70, வக்கீலுக்கு 50, கோர்ட் கட்டணம் 35, மேலே வட்டி. பதில் போடும் கெடு முடிந்து 11 நாள்.

கேட்டதைக் கட்டலாம், பிந்தியாவது டிஃபென்ஸ், அதாவது ஏன் கட்ட வேண்டியதில்லை என்ற எழுத்துப் பதில், அனுப்பலாம், தீர்ப்பு வந்தபின் ரத்து கேட்டு மனுப் போடலாம். நான் டிஃபென்ஸ் அனுப்பினேன்.

தப்பு நம்முடையது என்றால் கட்டிவிடுவதே நல்லது. நான் அன்று பார்க்கிங்குக்குக் காசு கட்டியிருந்தேன், பேங்க் கணக்கிலும் அது இருந்தது. கட்ட மனம் வரவில்லை.

எல்லாம் ஒரே கேள்வியில்தான் நிற்கிறது: பதில் வரவில்லை என்று நமக்கு எதிராகத் தீர்ப்பு பதிவாகிவிட்டதா? இங்கிலாந்து, வேல்ஸில் கிளெய்ம் தேதிக்கு 5 நாள் கழித்துக் கடிதம் கிடைத்ததாகக் கணக்கு. அதிலிருந்து பதிலுக்கு 14 நாள். கிடைத்தது என்று ஒப்புகை அனுப்பினால் மொத்தம் 28. ஆனால் கெடு முடிந்ததும் தீர்ப்பு தானாக விழாது. கம்பெனி கேட்க வேண்டும், கோர்ட் பதிய வேண்டும். அதற்குள் டிஃபென்ஸ் போய்ச் சேர்ந்தால், பதில் வரவில்லை என்று சொல்லித் தீர்ப்பு வாங்க முடியாது. சிவில் நடைமுறை விதிகளின் 12ஆம் பகுதியே இதைச் சொல்கிறது. மறுநாள் காலையே கோர்ட்டுக்குப் போன் செய்தேன். இன்னும் பதியவில்லை என்றார்கள். அன்று மாலைக்குள், கிளெய்ம் எண்ணைத் தலைப்பில் போட்டு டிஃபென்ஸை ஈமெயிலில் அனுப்பி, வந்த தானியங்கிப் பதிலையும் பத்திரப்படுத்தினேன். இதற்குக் கட்டணம் கிடையாது. வழக்கு இன்னும் நடக்கிறது, ஆனால் என் பெயரில் தீர்ப்பு இல்லை. அடுத்த வருடம் மார்ட்கேஜ் புதுப்பிக்க வேண்டிய எனக்கு, கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் தீர்ப்புப் பதிவேட்டில் பெயர் ஏறாததுதான் பெரிது.

ரத்து மனு, அதாவது என்244 படிவம், ஹாரோவில் இருக்கும் நண்பர் போன வழி. வீடு மாறியதால் கடிதங்கள் பழைய முகவரிக்கே போயிருந்தன, தீர்ப்பு வந்த பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. விசாரணையோடு சேர்த்துக் கட்டணம் 300 பவுண்டுக்கு மேல், வழக்குத் தொகையைவிட அதிகம். வெல்ல உண்மையான வாய்ப்பு உண்டு என்றும், தெரிந்ததும் தாமதிக்காமல் வந்தேன் என்றும் காட்ட வேண்டியிருந்தது. நான் அந்த விசாரணையில் உட்கார்ந்ததில்லை, அவர் சொல்லக் கேட்டதுதான். அவருக்கு ரத்து கிடைத்தது.

தீர்ப்பு விழுந்து, வாதாட ஒன்றும் இல்லையென்றால், அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். பதிவேட்டிலிருந்து அது நீங்கிவிடும். ஒரு மாதம் தாண்டிக் கட்டினால் கட்டியாயிற்று என்ற குறிப்பு மட்டும் சேரும், தீர்ப்பு 6 வருடம் அங்கேயே கிடக்கும்.