எச்சரிக்கை: "உங்க பேர்ல வரலைன்னா உங்களுக்குச் சம்பந்தம் இல்லம்மா" என்று சொல்கிற டாக்ஸ் ஆளிடம் போகாதீர்கள்

6,352 டாலர். வரவேண்டிய ரீஃபண்ட் 4,100 போய், அதற்கு மேலே 2,252 டாலரை இன்று காலை ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு (அமெரிக்க வருமான வரித்துறை) கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளின் அப்பா எடுத்த காப்பீட்டுக்கு அரசு கொடுத்த மானியத்தில், என் பங்கு என்று திருப்பிக் கட்டிய தொகை இது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஆறினால் நானும் "போகட்டும் விடு" என்று விட்டுவிடுவேன். பள்ளி விடுவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறேன். விவாகரத்து 2023-லேயே முடிந்துவிட்டது. இரண்டு பெண்கள், 11 வயது, 7 வயது. என்னோடுதான் இருக்கிறார்கள். மாதத்தில் சில வார இறுதிகள் மட்டும் அப்பா வீடு. வரிக்கணக்கில் பிள்ளைகளைக் காட்டுவது நான், அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது அவர் என்று கோர்ட் தீர்ப்பில் இருக்கிறது. டெக்சாஸில் காப்பீடு யார் பொறுப்பு என்பதைத் தீர்ப்பிலேயே எழுதிவிடுவார்கள்.

அவருக்கு வேலை போய், சொந்தமாகக் கன்சல்டிங் ஆரம்பித்தார். 2025-க்கு ஒபாமாகேர் மார்க்கெட்பிளேஸில், அதாவது மானியத்தோடு காப்பீடு வாங்கும் அரசுத் தளத்தில், தனக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே பாலிசி எடுத்தார். விண்ணப்பத்தில் பிள்ளைகள் தன் வரிக்கணக்கில் வருவார்கள் என்று போட்டிருக்கிறார். தெரிந்து போட்டாரா, தெரியாமல் போட்டாரா, அந்தச் சண்டை வேறு. அதை நம்பி அரசு மாதம் 790 டாலர் மானியத்தை நேராகக் காப்பீட்டுக் கம்பெனிக்கே கட்டிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு 9,480. எனக்கு இது எதுவும் தெரியாது. இன்ஷூரன்ஸ் கார்டு வந்தது, சளி காய்ச்சலுக்கு டாக்டரிடம் காட்டினோம், கார்டு வேலை செய்தது. அவ்வளவுதான்.

இப்போது அந்த மனிதருக்கு வருகிறேன்.

பெயர் சொல்ல மாட்டேன். நம்ம ஆள். மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஜனவரி முதல் ஏப்ரல் வரை டாக்ஸ் பண்ணிக் கொடுக்கிறார், மற்ற மாதங்களில் வேறு என்னவோ. கோயிலில் பழக்கமான ஓர் அக்கா சொல்லித்தான் போனேன். அதற்கு முன் இரண்டு வருஷமும் நானே சாஃப்ட்வேரில் போட்டேன். ஒரு குறையும் வந்ததில்லை. இந்த வருஷம்தான் வேலை நெருக்கடி, யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. அந்த நினைப்புக்கு என்ன விலை கொடுத்தேன் பாருங்கள்.

உள்ளே போனதும் எந்த ஊர் என்று கேட்டார். மன்னார்குடி என்றேன். "அட, எங்க அத்தை வீடு ஒத்தைத் தெருவுலதாம்மா!" என்றார். ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். விவாகரத்துப் பேச்சு எடுத்தால் நம்மவர்கள் முகத்தில் ஒன்று ஓடும் இல்லையா, அது அவர் முகத்தில் ஓடவில்லை. "தனியா ரெண்டு புள்ளைங்கள வளர்க்கிறீங்க. எல்லார்கிட்டயும் 450 வாங்கறேன், உங்ககிட்ட 350 போதும்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாக. நூறு டாலர் தள்ளுபடிக்காக இல்லை. இந்த ஊரில் மூன்று வருஷமாக என் கணக்கு வழக்கை யாரும் அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. அங்கேயே விழுந்துவிட்டேன்.

பணத்தை ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பச் சொன்னார். "மெமோல ஒண்ணும் எழுத வேண்டாம்மா." எழுதவில்லை. ரசீது கேட்கவும் இல்லை. ஒரு காபிக்கு இவ்வளவு மதிப்பு.

ஜனவரிக் கடைசியில் பிள்ளைகளின் அப்பா ஒரு வாட்ஸ்அப் அனுப்பினார். அப்படியே போடுகிறேன்: "1095-ஏ வந்திருக்கு. பாலிசில குழந்தைங்க இருக்காங்க, டாக்ஸ்ல நீ காட்டுற. ஆளுக்கு எத்தனை பெர்சன்ட்னு பிரிக்கணுமாம். உன் ஆள்கிட்ட கேட்டுச் சொல்லு." மார்க்கெட்பிளேஸ் பாலிசியில் யார் யார், எவ்வளவு மானியம் என்று காட்டும் அந்த 1095-ஏ படிவத்தையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அந்த நேரத்தில் அவர் நியாயமாகத்தான் நடந்துகொண்டார், அதை மறைக்க மாட்டேன்.

இரண்டையும் அண்ணாவுக்கு அனுப்பினேன். ஆமாம், அண்ணா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் வாய்ஸ் மெசேஜ்: "அது அவர் பேர்ல வந்த ஃபார்ம்மா. உங்க பேர்ல வரலைன்னா உங்களுக்குச் சம்பந்தம் இல்ல. அவர் பிரச்சினைய அவர் பார்த்துக்கட்டும். நீங்க எதுலயும் தலையிடாதீங்க." அந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, "என் பக்கம் தேவையில்லையாம்" என்று பிள்ளைகளின் அப்பாவுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். என் 6,352 டாலர் போன இடம் அந்த ஒற்றை வரிதான்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் அண்ணா என் ரிட்டர்னை ஃபைல் செய்தார். மார்ச் கடைசியில் ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து கடிதம், 12சி என்று மூலையில் போட்டிருந்தது. உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கோ மார்க்கெட்பிளேஸ் மானியம் கட்டப்பட்டிருக்கிறது, அதற்குக் கணக்குக் காட்டும் 8962 படிவம் இல்லை, அனுப்பும் வரை உங்கள் ரிட்டர்னை மேற்கொண்டு பார்க்க முடியாது என்று சாரம். ரீஃபண்ட் நின்றது.

அன்று மாலையே கடிதத்தை அண்ணாவுக்கு அனுப்பினேன். "அது எல்லாருக்கும் வர ஆட்டோமேட்டிக் லெட்டர்மா, பயப்படாதீங்க." மூன்று நாள் கழித்து மறுபடி கேட்டேன். "சீசன் உச்சத்துல இருக்கேன்மா, பதினஞ்சாம் தேதிக்கு அப்புறம் உக்காந்து பாக்கலாம்." ஏப்ரல் 6 கூப்பிட்டேன், எடுக்கவில்லை. 8-ஆம் தேதி நேரில் போனேன், வாசலில் ஏழெட்டுப் பேர், கண்ணாடி வழியாகக் கையைக் காட்டி ஃபோனில் பேசுகிறேன் என்று சைகை. 10-ஆம் தேதி ப்ளூ டிக் மட்டும். ஃபைல் செய்யக் கடைசி நாளான 15-உம் போனது. 17-ஆம் தேதி அவரே கூப்பிட்டார். "நீங்க 1095 பத்தி எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா?"

வாய்ஸ் மெசேஜை அவருக்கே திருப்பி அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து: "உங்க டைவர்ஸ் மேட்டருக்குள்ள என்ன இழுக்காதீங்க." அதோடு சரி. இப்போது என் நம்பரிலிருந்து அழைத்தால் ஒரு ரிங்கிலேயே வாய்ஸ்மெயில்.

பிறகு அலுவலகத் தோழி ஒருத்தி காட்டிவிட்ட என்ரோல்டு ஏஜென்ட் (ஐ.ஆர்.எஸ். உரிமம் பெற்ற வரி நிபுணர்) ஒருவரிடம் போனேன். அமெரிக்கப் பெண்மணி, காபி எல்லாம் கொடுக்கவில்லை. என் ரிட்டர்னைத் திருப்பியவுடன் கையெழுத்துப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். பணம் வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் போடுகிறவர் தன் பெயரும், ஐ.ஆர்.எஸ். கொடுக்கும் பி.டி.ஐ.என். என்ற பதிவு எண்ணும் போட்டுக் கையெழுத்திட வேண்டும், அது சட்டம். அந்தக் கட்டத்தில் "நீங்களே தயாரித்தது" என்று அச்சாகியிருந்தது. அதாவது ஐ.ஆர்.எஸ். கணக்கில் இந்த அண்ணா என்று ஒருவர் இல்லவே இல்லை. பேய்த் தயாரிப்பாளர் என்றே இதற்கு இங்கே பெயர் வைத்திருக்கிறார்கள். மெமோவில் ஒன்றும் எழுத வேண்டாம் என்றது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்து சாஃப்ட்வேர் கேட்கும் கேள்வி, உங்கள் வரிக்குடும்பத்தில் யாருக்காவது மார்க்கெட்பிளேஸ் பாலிசி உண்டா என்று. இல்லை என்று தட்டியிருக்கிறார்.

விஷயம் இதுதான். பாலிசி யார் பெயரில் என்பது முக்கியமில்லை. அதில் இருக்கும் பிள்ளையை வரிக்கணக்கில் யார் காட்டுகிறாரோ, அவருக்கும் அந்த மானியத்தில் பங்கு வருகிறது, 8962-இல் நான்காம் பகுதி அதற்குத்தான். எங்களைப் போல முந்தைய வருஷங்களிலேயே பிரிந்தவர்கள் 0 முதல் 100 வரை எந்தச் சதவீதத்தையும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். பிரீமியம், பெஞ்ச்மார்க் பிரீமியம் (மானியத்தைக் கணக்கிட அளவுகோலாக வைப்பது), முன்பணமாகக் கட்டிய மானியம் மூன்றுக்கும் அதே சதவீதம். பேசி முடிவு செய்யவில்லை என்றால் தலைக்கணக்கு: பாலிசியில் மூன்று பேர், என் கணக்கில் இருவர், எனவே 0.67 என் தலையில். (விவாகரத்து நடந்த வருஷமாகவே இருந்தால், சேர்ந்து வாழ்ந்த மாதங்களுக்கு ஒப்பந்தம் இல்லாதபோது பாதிப் பாதி. அது வேறு கதை.)

9,480-இல் 0.67 போட்டுப் பாருங்கள். 6,352.

என் அலுவலகக் காப்பீட்டில் பிள்ளைகளைச் சேர்க்க வழி உண்டு, அந்தச் செலவு என் வருமானத்தில் 9.02 சதவீதத்துக்குள் அடங்குகிறது. அதனால் என் பக்கம் அவர்களுக்கு மார்க்கெட்பிளேஸ் மானியத்துக்குத் தகுதியே இல்லை. வந்த பங்கு முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். அவருக்கோ கன்சல்டிங்கில் வருமானம் குறைவு. எல்லாவற்றையும் அவர் பக்கமே 100 என்று வைத்திருந்தால் நான் ஒரு காசு கட்டியிருக்க வேண்டாம். ஜனவரியில் அவர் கேட்டதே இந்தச் சதவீதத்தைத்தான்! நான் தேவையில்லை என்று சொன்னதால் அவருடைய கணக்கர் தலைக்கணக்கைப் போட்டு ஃபைல் செய்துவிட்டார். இப்போது திருத்திய ரிட்டர்ன் போடுவீர்களா என்று பிள்ளைகளின் அப்பாவிடம் கேட்டேன். "முடிஞ்சது முடிஞ்சதுதான், மறுபடி என்னால திறக்க முடியாது" என்கிறார். அவர் மேல் வருத்தம் உண்டு. ஆனால் 350 டாலர் வாங்கியவர் அவர் இல்லை.

இதைவிட வயிறு எரிவது இன்னொன்று. வருமானம் வறுமைக்கோட்டின் 400 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால், திருப்பிக் கட்டுவதற்கு 2025 கணக்கில் உச்சவரம்பு உண்டு. மூன்று பேர் குடும்பத்துக்கு அந்தக் கோடு 1,03,280 டாலர். நான் போனஸோடு சேர்த்து 1,06,000. கோட்டுக்குக் கீழே வந்திருந்தால் அதிகபட்சம் 3,250 தான். எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான வரிவிலக்குச் சேமிப்பு) கணக்கு எனக்கு இருக்கிறது, 2025-க்கு அதில் ஒரு காசும் போடவில்லை. ஏப்ரல் 15 வரை போடலாமாம், மூவாயிரம் போட்டிருந்தால் வருமானம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். அந்தப் பெண்மணி இதைச் சொன்னது ஏப்ரல் 20. கடிதம் என் கையில் கிடைத்தது மார்ச் கடைசி. நடுவில் இருந்த இரண்டு வாரமும் "பதினஞ்சாம் தேதிக்கு அப்புறம் பாக்கலாம்மா."

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் ஆரம்பித்தேன். நேரம் இல்லை, பெரியவள் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்துவிட்டாள். அவசரமாகச் சில:

நீங்கள் கணக்கில் காட்டும் பிள்ளைக்கு யார் பாலிசி எடுத்திருக்கிறார், மார்க்கெட்பிளேஸா என்று ஜனவரியிலேயே கேளுங்கள். 1095-ஏ பாலிசி எடுத்தவருக்குத்தான் வரும், அவரிடமிருந்து நகல் வாங்குங்கள். சதவீதத்தை இருவரும் ஃபைல் செய்வதற்கு முன் எழுத்தில் பேசி முடியுங்கள், முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டாலும் ஒரு ஈமெயில் போதும். டாக்ஸ் போடுகிறவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 2026 கணக்கிலிருந்து அந்த உச்சவரம்பு யாருக்கும் கிடையாது, எவ்வளவு குறைந்த வருமானமாக இருந்தாலும் முழுசாகக் கட்ட வேண்டும், எனவே அடுத்த வருஷம் இதே தவறு இன்னும் பலரைப் பிடிக்கும். ஏமாந்துவிட்டீர்கள் என்றால் 14157 என்று ஒரு படிவம் இருக்கிறது, டாக்ஸ் தயாரிப்பவர் மேல் புகார் கொடுக்க. நான் இன்றிரவு நிரப்பப்போகிறேன், வாய்ஸ் மெசேஜையும் எழுதிச் சேர்த்து.

"நம்ம ஆள் மேலயா புகார் கொடுப்ப?" என்று அந்தக் கோயில் அக்கா நேற்றே கேட்டுவிட்டார். 6,352 டாலர் அக்கா. 350 ஃபீஸ் தனி.

அவரே இன்னொன்றும் காட்டினார், அண்ணாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். எக்ஸ்டென்ஷன் போட்டவர்கள், அதாவது ஃபைல் செய்யக் கூடுதல் அவகாசம் வாங்கியவர்கள், வரலாமாம். புதிதாக வருகிறவர்களுக்கு 50 டாலர் தள்ளுபடி.