கமிட்மெண்ட்டுக்கு ஸ்பானிஷில் எந்தச் சொல்?

போன வாரம் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தேன். 'கமிட்மெண்ட்' 18 இடங்களில் வந்தது. அதற்கு ஸ்பானிஷில் மூன்று சொற்கள் போட்டி போடும்: கொம்ப்ரொமீசோ, தெதிகாசியோன், என்த்ரேகா. 14 இடங்களில் கொம்ப்ரொமீசோவைத்தான் போட்டேன்.

தெதிகாசியோன் உழைப்பைச் சொல்லும். முப்பது வருடம் ஒரே வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட செவிலியரிடம் இருப்பது அதுதான். என்த்ரேகா என்றால் தன்னையே கொடுத்துவிடுவது. வீட்டுக்குப் பார்சல் வந்து சேர்வதற்கும் அதே சொல்தான். கதை, கவிதை நான் அதிகம் மொழிபெயர்த்ததில்லை. அங்கே என்த்ரேகா இன்னும் நன்றாகப் பொருந்தலாம்.

என் தேர்வை முடிவு செய்தது ஒரே கேள்வி: நாளைக்கு யாராவது வந்து 'சொன்னீர்களே, செய்தீர்களா?' என்று கேட்க முடியுமா? கொம்ப்ரொமீசோ என்றால் கேட்கலாம். அதன் வேரான லத்தீன் சொல்லுக்கு, வழக்காடும் இருவரும் நடுவரின் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்று சேர்ந்து கொடுக்கும் வாக்கு என்று பொருள். 1412இல், இன்றைய ஸ்பெயினில் இருந்த அரகோன் அரசின் அரியணைக்கு நேரடி வாரிசு இல்லாதபோது, அரகோன், கத்தலோனியா, வலென்சியா மூன்றிலிருந்தும் மும்மூன்று பேர் காஸ்பே என்ற ஊரில் கூடி மன்னரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பெயரே கொம்ப்ரொமீசோ தெ காஸ்பே. புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைக்க நாடுகள் செய்த கியோட்டோ ஒப்பந்தத்தில் 2008 முதல் 2012 வரையிலான கமிட்மெண்ட் காலத்துக்கும் ஸ்பானிஷில் இதே சொல்தான். அங்கே தெதிகாசியோன் என்று போட்டால், புகையைக் குறைக்காத நாட்டை எதை வைத்துக் கேட்பது?

அதே வேர் ஆங்கிலத்தில் காம்ப்ரமைஸ் ஆகி, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்ற பொருளுக்குப் போய்விட்டது. அதனால் ஆங்கிலத்தில் காம்ப்ரமைஸ் என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொம்ப்ரொமீசோ போடக் கூடாது. இடத்தைப் பார்த்து அக்வேர்தோ (உடன்பாடு), கொன்செசியோன் (விட்டுக்கொடுப்பு) என்று போகலாம்.

வினைச்சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். 'சே கொம்ப்ரொமேதே அ ப்ரொதெஹேர் சுஸ் தாத்தோஸ்' என்றால் உங்கள் தகவல்களைப் பாதுகாப்பதாக நிறுவனம் உறுதி தருகிறது. 'சே'யை விட்டு, 'கொம்ப்ரொமேதே சுஸ் தாத்தோஸ்' என்று சுருக்கினால், உங்கள் தகவல்களை ஆபத்தில் தள்ளுகிறது என்று ஆகிவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு தலைப்பை இப்படித்தான் சுருக்கிவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் சரிபார்ப்பவர் பிடித்தார். அன்றிலிருந்து 'சே'யைத் தனியாக ஒரு முறை தேடிப் பார்க்காமல் கோப்பை அனுப்புவதில்லை.

தமிழர்களுக்கு இந்தச் சொல் சீக்கிரம் பிடிபடும். 'சாயங்காலம் ஒரு கமிட்மெண்ட் இருக்கு' என்பதற்கு ஸ்பானிஷ் பேசுபவர்களிடம் 'தெங்கோ உன் கொம்ப்ரொமீசோ'. நாம் 'கமிட் ஆகிட்டாங்க' என்பதற்குப் பக்கத்தில், 'கொம்ப்ரொமெதீதோஸ்' என்றால் நிச்சயதார்த்தம் ஆனவர்கள். அறிக்கையில் ஓர் ஆசிரியையைப் பற்றி கமிட்மெண்ட் உள்ளவர் என்ற பொருளில் வெறுமனே 'கொம்ப்ரொமெதீதா' என்று எழுதியிருந்தேன். மறுபடி படித்தபோது அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது போலவும் தொனித்தது. 'கொன் சு எஸ்குவேலா' என்று பள்ளியையும் பக்கத்தில் சேர்த்த பிறகுதான் அனுப்பினேன்.